தண்ணீர் சென்ற தூரமும் எண்ணெய் சென்ற தூரமும்

1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் தேதியன்று, அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், பெமிட்ஜி என்னும் சிறு நகரத்துக்கு வடமேற்கே சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில், மரங்கள் அடர்ந்த ஒரு நிர்மானுஷ்யமான பிரதேசத்தின் ஊடே மண்ணுக்கடியில் சென்றுகொண்டிருந்த 34 அங்குல விட்டமுள்ள கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தது. வெளிப்பட்ட எண்ணெய் ஏறத்தாழ 17 இலட்சம் லிட்டர். தரையில் தேங்கியதை இறைத்தும், நனைந்த மண்ணை வாரியும், எஞ்சியதில் ஒரு பங்கைக் கொளுத்தியும், பெரும்பகுதியை அப்புறப்படுத்திவிட்டார்கள். ஆயினும் சுமார் 4 இலட்சம் லிட்டர் மட்டும் மணலுக்குள் இறங்கி, ஆறு முதல் எட்டு மீட்டர் ஆழத்திலிருந்த நிலத்தடி நீர்மட்டத்தைச் சென்று எட்டி, அங்கேயே தங்கிவிட்டது. அந்த நீர் மெல்ல நகர்ந்து சேரும் இடமாக, பெயரிடப்படாத ஏரி ஒன்று 300 மீட்டருக்கு அப்பால் இருந்தது.

1983 முதல் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறையின் விஞ்ஞானிகள் அந்த இடத்தைத் தங்கள் ஆராய்ச்சிக்களமாக்கிக் கொண்டு, மணலிலே வரிசை வரிசையாகக் கண்காணிப்புக் கிணறுகளை இறக்கி, நீரையும் மண்ணையும் வாயுவையும் அளக்கத் தொடங்கினார்கள். அவர்கள் கண்டவற்றுள் எல்லாம் விசேஷமானது எளிய ஒரு செய்தியே. விபத்து நிகழ்ந்து பதினேழு ஆண்டுகள் கழிந்தபொழுது, குழாய் வெடித்த இடத்தின் கீழிருந்து புறப்பட்ட தண்ணீர் சுமார் 500 மீட்டர் தூரம் சென்றிருக்க வேண்டும் என்று கணக்குக் கூறிற்று. ஆனால் அத்தண்ணீரில் கரைந்த எண்ணெய்ப் பொருள்களின் முனையோ சுமார் 200 மீட்டரிலேயே நின்றிருந்தது. தண்ணீருடன் புறப்பட்டது தண்ணீருடன் போய்ச் சேரவில்லை. இடையிலுள்ள 300 மீட்டருக்குக் காரணம் என்னவென்று கண்டுபிடிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் விஷயம். அதைக் கண்டுபிடிக்கக் கையாளப்பட்ட கருவி கணினி மாதிரி.

மண்ணுக்குள் தண்ணீர் நகரும் விதத்தை முதன்முதலில் சூத்திரமாக்கிக் கூறியவர் பிரெஞ்சு தேசத்துப் பொறியியலாளர் ஹென்ரி டார்சி. தம் ஊராகிய டிஜோனுக்குக் குடிநீர் கொணர்ந்த அவர், மணல் நிரப்பிய உருளையொன்றின் வழியே நீரைச் செலுத்தி, வெளிவரும் நீரின் அளவானது இருமுனைகளுக்கும் இடையேயுள்ள நீர்மட்ட வித்தியாசத்துக்கு நேர்விகிதத்திலும், மணற்பத்தியின் நீளத்துக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருக்கிறதென்று 1856-இல் தாம் வெளியிட்ட நூலில் நிறுவினார். அந்த விதியின் எளிமை வியப்பூட்டுவது; அதில் வரும் ஒரே ஓர் எண்தான், அதாவது மண்ணின் நீர்க்கடத்து திறன்தான், பின்வந்தவர்களின் தூக்கத்தைக் கெடுத்தது. சரளைக்கும் களிமண்ணுக்கும் இடையே அந்த எண் பத்து இலட்சம் மடங்குக்கும் மேலாக வேறுபடக்கூடியது. பெமிட்ஜியின் மணல், பனியாறுகள் உருகிய காலத்தில் வெள்ளம் கொண்டுவந்து கொட்டியது. ஆகவே பருமணலும் நுண்மணலும் வண்டலும் மாறிமாறி அடுக்குண்டு கிடப்பது. அங்கே நீரின் வேகம் நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர் முதல் அரை மீட்டர் வரை, இடத்துக்கு இடம் மாறுகிறது.

நீரோடு கலந்த பொருள் நீரின் வேகத்திலேயே செல்வதோடு நிற்பதில்லை. மணல்மணிகளைச் சுற்றிச் சுற்றிச் செல்லும் நுண்வழிகளிற் சில நேரானவை, சில கோணலானவை. சில அகலமானவை, சில ஒடுங்கியவை. ஆதலால் ஒரே கணத்தில் புறப்பட்ட துகள்களில் சில முந்திச் செல்ல, சில பிந்தி நிற்க, மாசு நீண்டும் பக்கவாட்டில் அகன்றும் பரவுகிறது. இந்தப் பரவலுக்கும் ஓர் எண் உண்டு. ஆய்வுக்கூடத்தில் ஒரு முழ நீள மண்குழாயில் அளந்து பெறும் எண்ணைவிட, நூறு மீட்டர் நிலத்துக்குப் பொருந்தும் எண் பன்மடங்கு பெரியது. அளக்கும் தூரம் வளர வளரத் தானும் வளர்கின்ற இத்தகைய எண்ணைப் பௌதிகத்தின் கண்ணியமான மாறிலிகளின் வரிசையில் உட்கார வைக்கலாமா என்பது என் சந்தேகம். வேறு வழியின்மையால் உட்கார வைத்திருக்கிறார்கள்.

இனி, கணினியின் வேலை. நிலத்தைப் பல்லாயிரம் சிறு கட்டங்களாகப் பகுத்து, காலத்தையும் சிறு சிறு இடைவெளிகளாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கைப் போலக் கணக்கெழுதுவதே அதன் சாரம்: மேல்புறத்துக் கட்டத்திலிருந்து வந்தது இவ்வளவு, கீழ்ப்புறத்துக் கட்டத்துக்குப் போனது இவ்வளவு, உள்ளேயே அழிந்தது இவ்வளவு, ஆகவே இருப்பு இவ்வளவு. இக்கணக்கில் மூளைக்கு வேலை குறைவு, பொறுமைக்கு வேலை மிகுதி. அதனாலேயே அது யந்திரத்துக்கு உரியதாயிற்று. ஆயினும் யந்திரம் செய்கிற பிழை ஒன்று உண்டு. கட்டத்துக்குள் மாசு ஒரு மூலையில் மட்டும் நுழைந்திருந்தாலும், கட்டம் முழுதும் அது சமமாகக் கலந்துவிட்டதாகவே கணக்கு பாவிப்பதால், கூர்மையாக இருக்கவேண்டிய மாசின் முனை ஒவ்வோர் அடியிலும் மழுங்கி, இயற்கையில் இல்லாத ஒரு பரவல் கணிதத்தின் உள்ளிருந்தே பிறந்துவிடுகிறது. இதைத் தவிர்ப்பதற்காக 1978-இல் லெனர்டு கோனிகோ, ஜான் பிரெடஹோப்ட் என்னும் இரு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை விஞ்ஞானிகள் வெளியிட்ட நிரல், கட்டங்களுக்குள் கற்பனைத் துகள்களைத் தூவி, அவற்றை நீரோட்டத்தின் போக்கில் நகர்த்தி, பின் அவற்றை எண்ணிப் பார்த்து மாசின் அடர்த்தியைக் கூறும் முறையைக் கையாண்டது. அந்த முறை 1964-இல் பெட்ரோலியத் தொழிலைச் சேர்ந்த கணிதர்கள், பாறைக்குள் ஒரு திரவம் இன்னொன்றைத் தள்ளிச் செல்வதைக் கணக்கிட வகுத்தது. இன்றைய நிலத்தடி நீர்க் கணிதத்தில் கணிசமான பங்கு, எண்ணெயைப் பாறையிலிருந்து வெளியே எடுக்க விரும்பியவர்கள் செய்துவைத்த சீதனம். உள்ளே இறங்கிய எண்ணெயைத் தேடுபவர்கள் அதே சமன்பாடுகளைக் கொண்டுதான் தேடவேண்டியிருந்தது.

பாடப்புத்தகங்களிலுள்ள படங்களில், நீர்மட்டத்தின்மேல் எண்ணெய் ஒரே சீரான தடிப்புள்ள படலமாக மிதப்பதாகக் காட்டியிருப்பார்கள். பெமிட்ஜியில் மண்ணைக் குழாயோடு பெயர்த்தெடுத்து அளந்தபோது அப்படிப் படலமென்று சொல்லத்தக்க ஒன்று கிடைக்கவில்லை. மணலின் நுண்துளைகளை எண்ணெயும் நீரும் காற்றும் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. பருமணலில் எண்ணெய் மிகுந்தும், நுண்மணலில் நீர் விடாப்பிடியாக இடங்கொண்டும், இடையிடையே எண்ணெய்த்துளிகள் நீர் சூழ்ந்து அசைய மாட்டாமல் சிறைப்பட்டும் இருந்தன. ஹெடெப் எஸ்ஸெய்டு என்னும் விஞ்ஞானியும் உடன் பணியாற்றியோரும் 1993-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மண் முழுவதும் ஒரே தன்மையுடையது என்று வைத்துக்கொண்டு செய்த கணக்கு அழகிய ஒரு வில்லை வடிவத்தையே தந்தது. எண்ணெய் சிறைப்படுவதையும், மண்ணின் தன்மை இடத்துக்கு இடம் மாறுவதையும் சேர்த்துக்கொண்டபோதுதான் கணினியின் சித்திரம் நிலத்திலிருந்த குளறுபடியை ஒத்துவரத் தொடங்கியது. சிறைப்பட்ட எண்ணெயை வெளியேற்றுவது எத்துணை அரிது என்பது பிற்பாடு நடைமுறையிலும் தெரிந்தது: 1999 முதல் சில ஆண்டுகள் கிணறு வைத்து இறைத்துப் பார்த்தும், எண்ணெயில் பாதிக்கு மேற்பட்டது மணலை விட்டு வர மறுத்துவிட்டது.

அவ்வாறு அசையாமல் கிடக்கும் எண்ணெயை ஒட்டி நீர் செல்கிறபொழுது, எண்ணெயிலுள்ள நூற்றுக்கணக்கான பொருள்களுள் நீரில் சற்றே கரையக்கூடியவை கரைந்து செல்கின்றன. அவற்றுள் முக்கியமானவை பென்சீனும் அதன் உறவினங்களான டொலுயீன், எதில்பென்சீன், சைலீன் ஆகியவையும். பென்சீன் புற்றுநோய் விளைவிப்பது. குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அதைவிடப் பல்லாயிரம் மடங்கு கரையும் இயல்பு அதற்கு உண்டாதலால், சிறிதளவு எண்ணெயும் பெருமளவு நீரைக் கெடுத்துவிடும்.

தண்ணீர் சென்ற தூரத்துக்கும் மாசு சென்ற தூரத்துக்கும் இடையிலுள்ள அந்த 300 மீட்டருக்கு இனி வருவோம். கரைந்த பொருள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பின்தங்கலாம் என்பது முதல் அனுமானம். ஆனால் அப்படி ஒட்டிக்கொள்ள வேண்டிய மக்கிய கரிமப்பொருள் பெமிட்ஜியின் மணலில் மிகச் சொற்பம். ஆகவே சந்தேகம் நுண்ணுயிர்களின்மேல் திரும்பிற்று. எண்ணெய்ப் பொருள்களை ஆகாரமாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் மண்ணில் இயற்கையாகவே உண்டு. அவற்றுக்கு எரிப்பதற்குக் கரிமம் வேண்டியதுபோலவே, அதை எரிக்கப் பிராணவாயுவும் வேண்டும். மாசின் விளிம்புகளில் புதுநீர் கொணரும் பிராணவாயு இருக்கிறது; உள்ளே அது சில ஆண்டுகளிலேயே தீர்ந்துவிடுகிறது. பிராணவாயு தீர்ந்தபின் மணல்மணிகளின்மேல் பூச்சாகப் படிந்திருக்கும் மாங்கனீஸ் ஆக்சைடையும், பிறகு இரும்பு ஆக்சைடையும் பயன்படுத்தவல்ல வேறு ஜாதி நுண்ணுயிர்கள் தலையெடுக்கின்றன; அவையும் ஒடுங்கிய இடத்தில் மீத்தேன் உண்டாக்கும் இனங்கள் பெருகுகின்றன. உணவு மிகுந்திருக்கையில் நுண்ணுயிர் எவ்வளவு விரைந்து வளரும், குறைகையில் எவ்வளவு தளரும் என்பதற்கு பிரெஞ்சு விஞ்ஞானி ஜாக் மோனோ 1940-களில் வகுத்துக் கொடுத்த சூத்திரம் இங்கே கைகொடுத்தது. நீரோட்டத்தின் சமன்பாட்டோடு உயிரின் சமன்பாட்டைப் பிணைத்து, எண்ணெய் மாசுக்குக் கணக்கிடும் வழியை 1986-இல் ராபர்ட் போர்டன், பிலிப் பெடியன்ட் என்போர் காட்டியிருந்தனர். ஆனால் அவர்கள் கணக்கில் பிராணவாயு ஒன்றுக்கே இடமிருந்தது. பெமிட்ஜிக்கு அது போதவில்லை.

1995-இல் எஸ்ஸெய்டும் பார்பரா பெக்கின்ஸ், இசபெல் கோசரெல்லி முதலான உடன் ஆராய்ச்சியாளர்களும், மேலே கூறிய 1978-ஆம் ஆண்டுத் துகள் முறையை அடித்தளமாகக் கொண்டு, பிராணவாயு, மாங்கனீஸ், இரும்பு, மீத்தேன் ஆகிய நான்கு வழிகளையும் ஒருங்கே ஏற்ற மாதிரியொன்றைச் சமைத்து, விபத்து நாளிலிருந்து ஓட்டிப் பார்த்தனர். 1997-இல் பயோமாக் என்ற பெயருடன் பொதுப் பயனுக்கு வெளியானது அதன் வழிவந்த நிரலே. 1995-ஆம் ஆண்டு மாதிரி தந்த விடை இது: நீரில் கரைந்து புகுந்த கரிமத்தில் நூற்றுக்கு 46 பங்கு நுண்ணுயிர்களால் அழிந்தது. அழிந்ததில் 40 பங்கு பிராணவாயுவின் துணையாலும், 5 பங்கு மாங்கனீஸாலும், 19 பங்கு இரும்பாலும், 36 பங்கு மீத்தேன் உண்டாகும் வழியாலும் நிகழ்ந்தது. பிராணவாயு இல்லாத இடத்தில் எண்ணெய் அழியாது என்று அதற்குச் சில பத்தாண்டுகள் முன்வரை பலரும் நம்பியிருந்தனர் என்பதை நினைத்தால், பாதிக்கு மேற்பட்ட அழிவு பிராணவாயுவின்றியே நடந்ததென்று கூறும் இந்தக் கணக்கின் அருமை விளங்கும்.

அந்த 1995-ஆம் ஆண்டு ஆராய்ச்சிக் கட்டுரையில் ஆசிரியர்கள் ஒளிக்காமல் கூறிய இன்னொரு செய்தியை, எண்களில் மனம் மயங்கும் வாசகர்கள் எளிதில் தாண்டிப் போய்விடக்கூடும். அளவீடுகளோடு பொருந்திவருமாறு அவர்கள் மாதிரிக்குக் கொடுத்த வேகங்களும் வளர்ச்சி வீதங்களும் தனித்தன்மை உடையவை அல்ல. ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைத்தால் வேறு எண்களின் தொகுதியும் அதே கிணறுகளில் அதே அளவுகளைத் தந்துவிடும். இது மிகவும் சங்கடமான நிலை. கடந்த காலத்தைச் சரியாகச் சொல்லும் இரு மாதிரிகள், வருங்காலத்தில் ஒன்றுக்கொன்று முரணாகச் சென்று முடியலாம். மேலே குறித்த கோனிகோவும் பிரெடஹோப்டும் 1992-இல், நிலத்தடி நீர் மாதிரிகளை மெய்ப்பிக்க முடியாது, அவற்றைச் சோதித்துத் தள்ளவோ திருத்தவோ மட்டுமே முடியும் என்னும் கருத்துப்பட ஒரு கட்டுரை எழுதி, தொழிலில் உள்ளோரின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டார்கள். உலகெங்கும் பயன்பட்ட மாதிரியொன்றை எழுதியவர்களே இப்படிச் சொன்னது, அக்கருத்துக்குக் கூடுதலான மதிப்பை அளிக்கிறது என்பது என் அபிப்பிராயம். மாதிரியை ஜோசியமாக வாங்க வருவோருக்கு அதில் ஏமாற்றமே மிஞ்சும். அடுத்த கிணற்றை எங்கே தோண்டவேண்டும், அதில் எதை அளக்கவேண்டும் என்று கேட்டு வருவோருக்கு அது உண்மையான உபகாரி.

பெமிட்ஜியில் நிகழ்ந்ததும் அதுவே. நீரில் கரைந்த கரிமத்தைப் பற்றிய கணக்கு முடிந்தபின், மேலெழும் வாயுவைப் பற்றிய கேள்வி பிறந்தது. பூமியின் மேற்பரப்பிலிருந்து வெளிவரும் கார்பன் டையாக்சைடையும், நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண்காற்றிலிருக்கும் மீத்தேனையும் அளந்து சேர்த்து, 2015-இல் கிரிஸ்டல் இங் முதலியோர் அமைத்த விரிவான மாதிரி, எண்ணெயின் கரிமத்தில் பெரும்பகுதி நீரோடு போகாமல் வாயுவாக மேலே சென்றுவிடுகிறது என்று காட்டிற்று. அதே காலத்தில், இரும்பு ஆக்சைடு மணலில் கரைந்து தீரத் தீர, அதோடு ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபட்டு நீரில் கலந்து, குடிநீருக்கு வகுத்த 10 மைக்ரோகிராம் எல்லையைப் பன்மடங்கு தாண்டிய இடங்களும் அங்கே கண்டுபிடிக்கப்பட்டன. அந்த ஆர்சனிக் எண்ணெயில் வந்ததன்று, மண்ணுக்கே சொந்தமானது. பென்சீனைத் தின்று நமக்கு நன்மை செய்த அதே நுண்ணுயிர்கள், இரும்பைக் கரைத்ததன் வாயிலாக ஆர்சனிக்கை அவிழ்த்துவிட்டன. இரும்பு தீர்ந்த இடங்களில் மாசின் உட்பகுதி மெல்ல மெல்ல நீளவும் செய்கிறது. 200 மீட்டரில் நின்றது என்பதை, என்றென்றும் நின்றது என்று பொருள் கொள்ளலாகாது.

இவ்வித ஆராய்ச்சிகள் சட்டத்தையும் செலவையும் மாற்றியமைத்தன. கலிபோர்னியாவில் கசிந்த பெட்ரோல் தொட்டிகளைப் பற்றி லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 1995-இல் அளித்த அறிக்கை, அவற்றின் மாசுகளில் மிகப் பெரும்பாலானவை நூறு மீட்டருக்குள்ளேயே நின்றுவிடுவதாகக் கூறி, எல்லா இடத்திலும் பெரும்பொருள் செலவிட்டு இறைத்துச் சுத்தம் செய்யவேண்டியதில்லை என்ற கொள்கைக்கு வலுவூட்டியது. ஆனால் மறு ஆண்டே அம்மாநிலத்தின் சாந்தா மோனிகா நகரம், தன் குடிநீர்க் கிணறுகளில் எம்.டி.பி.இ. என்னும் பொருள் கலந்திருக்கக் கண்டு, அவற்றை மூடி, தன் நீர்வளத்தில் ஏறத்தாழப் பாதியை இழந்தது. புகையைக் குறைப்பதற்காகப் பெட்ரோலில் சேர்க்கப்பட்ட அப்பொருள், நீரில் நன்கு கரைவது, மண்ணில் ஒட்டாதது, நுண்ணுயிர்கள் எளிதில் தொடாதது. சமன்பாடு அதேதான், அழிவைக் குறிக்கும் ஓர் உறுப்பு மட்டும் ஏறக்குறையப் பூஜ்யமாயிற்று. அந்த ஓர் உறுப்பு நீங்கினால் தண்ணீர் சென்ற தூரமே மாசு சென்ற தூரம்.

தமிழர் வாழும் இடங்களுக்கு இந்தக் கணக்கு புறம்பானதன்று. சென்னைத் தண்டையார்பேட்டையில் 2013-இல் வீட்டுக் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் பெட்ரோலியப் பொருள் கலந்து வந்ததும், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் அனல்மின் நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்ததென்று எழுந்த வழக்கு இலங்கையின் உச்ச நீதிமன்றத்தால் 2019-இல் தீர்க்கப்பட்டதும் வாசகர்களில் பலர் அறிந்தவை. பெமிட்ஜியின் எண்களை அப்படியே எடுத்து இவ்விரண்டு இடங்களிலும் பொருத்தினால் கிடைப்பது விஞ்ஞானமாகாது. பெமிட்ஜியில் குடியிருப்பும் இல்லை, நீர் இறைப்போரும் இல்லை. நீர் தன் இயல்பான சரிவிலே சென்றது. தண்டையார்பேட்டையிலோ வீட்டுக்கு வீடு பம்பு ஓடுகிறது. ஒவ்வொரு பம்பும் தன்னைச் சுற்றி நீர்மட்டத்தைத் தாழ்த்தி, மாசைத் தன் பக்கம் இழுக்கிறது. காலையில் ஒரு தெருவின் பக்கம் சாய்ந்த நீர் மாலையில் இன்னொரு தெருவின் பக்கம் சாயலாம். சுன்னாகத்தின் நிலைமை இன்னும் கடினம். யாழ்ப்பாணத் தீபகற்பம் மணலின்மீது அமைந்ததன்று, மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல்லின்மீது அமைந்தது. அக்கல்லை மழைநீர் அரித்து வெடிப்புகளும் குகைகளுமாக்கியிருக்கிறது. புத்தூரிலுள்ள நிலாவரைக் கிணறே அதற்குச் சான்று. அத்தகைய வழிகளில் நீர் மணலில் ஊறுவதுபோல் ஊறாமல், கால்வாயில் ஓடுவதுபோல் ஓடக்கூடும். அங்கே டார்சியின் விதி பொருந்துமென்று வைத்துக்கொள்வதே முதற்பிழையாகிவிடும். ஒரு கிணறு கெட்டிருக்க, அடுத்த கிணறு தூய்மையாக இருப்பதும், தொலைவிலுள்ள கிணறு கெடுவதும் அத்தகைய நிலத்தில் நேரக்கூடியவையே. அதைக் கொண்டு சாட்சி சொல்வோரைப் பொய்யர் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

இவ்விரண்டு வகை நிலத்துக்கும் தக்க மாதிரிகள் இன்று கணிதத்தில் உள்ளன. அவற்றை ஓட்டும் யந்திரங்களும் மேசைமேல் உட்காரும் அளவுக்குச் சிறுத்துவிட்டன. அவற்றுக்கு இரையாகக் கொடுக்கவேண்டிய அளவீடுகளே அருகிக் கிடக்கின்றன. அவற்றுள்ளும் மலிவானது, எல்லாருக்கும் எட்டக்கூடியது, நீர்மட்டத்தின் பதிவே. கிணறு உடைய வாசகர்கள், கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கி, விளிம்பிலிருந்து நீர் எத்தனை அடியில் இருக்கிறதென்று மாதம் ஒருமுறை அளந்து, தேதியோடு ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்து வைத்துக்கொள்வார்களாக. நீரின் நிறமோ மணமோ மாறினால் அதையும் அதே பக்கத்தில் எழுதிவைப்பார்களாக.